800 ரூபாய் முதலுதவி வகுப்பு: காசு பொம்மைக்கு, பெட்டிக்கு இல்லை

மதுரை காளவாசல் பக்கம் ஒரு மாடி ஹாலில் நடந்த ஒருநாள் முதலுதவி வகுப்புக்குப் போய் வந்தேன். கட்டணம் 800 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து நாலரைக்கு விட்டார்கள். போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். ஆனால் பணம் கட்டும் முன்னால் போன் போட்டு, "எத்தனை பேருக்கு எத்தனை பொம்மை?" என்று கேளுங்கள். மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவதைப் பழகுகிற பொம்மை அது. நான் கேட்கவில்லை. 38 பேருக்கு இரண்டு பொம்மை. அதில் ஒன்று பாதி ரிப்பேர்.

எனக்கு வாடிப்பட்டி தாண்டி நாலுவழிச் சாலையோரம் டீக்கடை. 2004இல் போட்டது. 108 வந்ததே 2008 செப்டம்பரில்தான். அதுவரை ரோட்டில் அடிபட்டவரைக் கொண்டுபோக லாரியை மறிப்போம், வேனை மறிப்போம். கையைக் காலைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் போடுவோம். எத்தனை பேர் முதுகெலும்பை நாங்களே கெடுத்தோமோ தெரியாது. போன ஐப்பசி மழையில் ஒரு பையன் பைக்கோடு சறுக்கி என் கடைக்கு எதிரே விழுந்தான். பேச்சு மூச்சில்லை. கூட்டத்தில் யாரோ "சோடா குடுங்கப்பா" என்று கத்த, நானும் ஓடிப்போய் முகத்தில் அடித்து, மிச்சத்தை வாயில் ஊற்றினேன். அவனுக்குப் புரையேறி உடம்பே தூக்கிப் போட்டது. வண்டியில் வந்த 108 தம்பி என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி எறிந்தார். "அண்ணே, மயங்கிக் கெடக்குறவனுக்கு முழுங்கத் தெரியாது. நேரா நுரையீரலுக்குப் போகும்." பையன் பிழைத்துவிட்டான், பிறகு அவன் அப்பா வந்து என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் கடையைச் சம்சாரத்திடம் விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையம் பஸ் ஏறினேன்.

காலை முதல் ஒன்றரை மணி நேரம் வீண். திரையில் படம் ஓட்டினார்கள், எழுத்தெல்லாம் ஆங்கிலம். கையில் கொடுத்த தாளும் ஆங்கிலம். வந்தவர்களில் பாதிப்பேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மில்லில் வேலை பார்க்கிறவர்கள், சத்துணவு சமைக்கிற இரண்டு அக்காக்கள். நடத்தியவர் வாயால் தமிழில் சொன்னார், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்க்க அந்தத் தாள் எதற்கு ஆகும்? என் மகள் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

பதினொரு மணிக்கு மேல் 108இல் டெக்னீசியனாக இருக்கும் ஒரு தம்பி வந்தார். வகுப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்பேன். ஆளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். தரையில் பாயை விரித்தார், பொம்மையைப் போட்டார், "வாங்கண்ணே" என்று முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்.

இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாத ரப்பர் பொம்மை. இந்த மாதிரிப் பொம்மையை முதன்முதலில் செய்தவர் நார்வேக்காரர், ஆஸ்மண்ட் லேர்டல், விளையாட்டுச் சாமான் செய்து விற்றவர். 1960இல் அது வந்தது என்று தம்பி சொன்னார். மயங்கிக் கிடக்கிறவர் தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். பத்து விநாடிக்குள் மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரையில் போட்ட மீன் மாதிரி எப்போதாவது வாயைப் பிளந்தால் அது மூச்சில் சேராது. மூச்சில்லை என்றால் ஒருவரை 108க்குப் போடச் சொல்லிவிட்டு, நெஞ்சு நடுவில் கையை வைத்து அழுத்த ஆரம்பிக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறுக்கு மேல் போகாமல். பழகாதவர்கள் வாயில் ஊதவே வேண்டாம், அழுத்தினாலே போதும் என்றார். அதைக் கேட்டதும் ஹாலில் பலபேர் முகம் தெளிந்தது.

இருபது வருசம் புரோட்டா மாவு பிசைந்த கை, நமக்கென்ன என்று இறங்கினேன். "மாவு பெசையாதீங்கண்ணே, மொழங்கைய மடக்காதீங்க. தோள்லேருந்து நேரா எறங்கணும்." அமுக்கினால் மட்டும் ஆகாது, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே எழும்பிவர விட வேண்டும், நான் விடவில்லை. நாற்பது அழுத்தத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. எனக்குப் பிறகு வந்த சத்துணவு அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார், இரண்டு நிமிடம் இம்மி பிசகாமல் செய்தார். பொம்மை டிக் டிக் என்று ஒழுங்காகச் சத்தம் போட்டது. சரியான ஆழம் போனால் வரும் சத்தம் அது. இன்னொரு பொம்மையில் அந்தச் சத்தமே வராது. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு ஆழம் தெரியாமலே போய்விட்டது.

108 தம்பி சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது எண்ணுகிற விதம். முப்பது வரை எண்ணச் சொன்னால் நாம் "இருபத்தேழு, இருபத்தெட்டு" என்று வருவதற்குள் கை தாளம் தப்பிவிடுகிறது. தமிழில் பத்துக்கு மேல் ஒவ்வொன்றும் நீளம். "ஒண்ணு ரெண்டுன்னு பத்து வரைக்கும் எண்ணுங்க, அதையே மூணு தடவ எண்ணுங்க." எந்த ஆங்கிலப் படத்திலும் இது இல்லை. பொம்மைக்கு முன்னால் எனக்குக் கிடைத்தது மொத்தம் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்கே 800 ரூபாய் தகும்.

108க்கு எப்படிப் பேச வேண்டும் என்பதையும் அவரேதான் சொன்னார். நாலுவழிச் சாலையில் "வாடிப்பட்டி பக்கம்" என்றால் பிரயோசனமில்லையாம். மதுரை போகிற பக்கமா, திண்டுக்கல் போகிற பக்கமா என்று சொல்ல வேண்டும். நடுவில் தடுப்பு இருப்பதால் தப்பான பக்கம் வந்த வண்டி திரும்பி வரத் தூரம் சுற்ற வேண்டியிருக்கும். மறுநாளே என் கடைக்கு எதிரே உள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் கல்லாப்பெட்டி மேல் பெயிண்டில் எழுதி வைத்துவிட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்லச் சொல்லச் செய்யலாம்.

ஒரு ஆட்டோக்காரர் எழுந்து, "தூக்கிட்டுப் போனா நம்மளத்தான சாட்சின்னு இழுப்பாங்க?" என்று கேட்டார். எல்லார் மனதிலும் இருந்த கேள்வி. உதவி செய்தவர் பெயர், விலாசம் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே வந்துவிட்டது என்றார் தம்பி. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்துக்குப் பிறகு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியில்கூடக் காசு கேட்கக் கூடாது, வெளிமாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. இதை ஒரு தாளில் தமிழில் அடித்துக் கொடுத்திருந்தால் கடைச் சுவரில் ஒட்டியிருப்பேன்.

மதியம் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. சுமார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவசர அவசரமாக ஓட்டினார்கள். தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். வடைச் சட்டி எண்ணெய் தெறித்தால் இட்லி மாவைத் தடவுகிற பழக்கம் எங்கள் கடையில் அன்றோடு போயிற்று. இப்போது டிரம்மும் குவளையும்தான். ரத்தம் கொட்டினால் துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், அடிக்கடி எடுத்து எட்டிப்பார்க்கக் கூடாது. பாம்புக்கடிக்குப் பத்தே நிமிடம் ஒதுக்கினார்கள். இது பெரிய குறை. சுற்றிலும் வயல்காட்டு ஆட்கள். கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்டவரை நடக்கவிடாதே, விஷமுறிவு மருந்து உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே போ என்பதோடு முடித்துக்கொண்டார்கள். கட்டுவிரியன் கடித்தால் பல்தடம்கூடத் தெரியாது, தூக்கத்தில் கடித்துவிட்டுப் போய்விடும் என்பதைக் கேட்டவர்களில் ஒருவர்தான் சொன்னார், நடத்தியவர் இல்லை.

முடிகிற நேரத்தில் மேசை போட்டு முதலுதவிப் பெட்டி விற்றார்கள், 1,450 ரூபாய். திறந்து பார்த்தேன்: பஞ்சு, வெட்டாத கத்தரிக்கோல், ஒரு டஜன் பிளாஸ்திரி, ஆண்டிசெப்டிக் பாட்டில். கையுறை ஒரே ஒரு ஜோடி. வாங்காதீர்கள். நான் எங்களூர் மெடிக்கலில் காஸ் துணி, சுருள் பேண்டேஜ், பத்து ஜோடி கையுறை வாங்கினேன், 300 ரூபாய்கூட ஆகவில்லை. அடிபட்ட கையைத் தூக்கிக் கட்டுகிற முக்கோணத் துணிக்கு என் தோள்துண்டே போதும். லேமினேட் போட்ட சர்டிபிகேட் கொடுத்தார்கள். இரண்டு வருசம் செல்லுமாம். அதற்குள் கை மறந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வகுப்பு முடிந்து மூன்றாவது வாரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவருக்கு வலிப்பு வந்தது. நாலு பேர் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார்கள். சாவியை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்தேன், பெஞ்சை நகர்த்தினேன், யாரையும் கையைக் காலைப் பிடிக்கவிடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இரண்டரை நிமிடத்தில் நின்றது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். எழுந்ததும் டீ கேட்டார். நன்றாகத் தெளியட்டும் என்று கால் மணி நேரம் கழித்துத்தான் கொடுத்தேன். சாவிக்காரர் மட்டும் கோபித்துக்கொண்டு போனார், சாவியை மறந்துவிட்டு.

அன்று ராத்திரி சம்சாரம் ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாருக்கும் நீங்க அமுக்குவீங்க, சரி. ஒங்களுக்கு வந்தா இங்க யாரு அமுக்குறது?" பதில் இல்லை. எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. அடுத்த வகுப்புக்கு அவளுக்கும் புரோட்டா மாஸ்டருக்கும் சேர்த்து 1,600 ரூபாய் கட்டிவிட்டேன். இந்தத் தடவை போனில் கேட்டேன்: மூன்று பொம்மை, மூன்றிலும் சத்தம் வருமாம். வருகிற ஞாயிறு கடை உண்டு, டீ உண்டு, புரோட்டா கிடையாது.