கிளினிக்குக்கு சுடுதண்ணி: சோலாரா, ஹீட் பம்பா?

பெங்களூர் அல்சூர்ல அக்கா நடத்துற பிசியோ கிளினிக்குக்கு தினம் 300 லிட்டர் சுடுதண்ணி வேணும்.

சோலார்னா கரண்ட் பில் பயமில்ல, ஆனா ஜூலை ஆகஸ்ட்ல வானம் மூடிக்கிட்டா உள்ள இருக்குற கரண்ட் காயில்தான் ஓடணும், அப்புறம் என்ன சோலார்? அதவிட நம்ம போர் தண்ணி இருக்கே, பழைய சோலார் டியூப கழட்டினப்போ உள்ள சுண்ணாம்பு முட்டை ஓடு மாதிரி ஒட்டியிருந்துச்சு, மாடில இருந்து கீழ சூடு வர்றதுக்குள்ள அரை பக்கெட் பச்சத்தண்ணி வீண் வேற. (தண்ணில இருக்குற சுண்ணாம்ப எடுக்குற சாஃப்ட்னர் ரெண்டுக்குமே வேணும், அது தனி செலவு.)

ஹீட் பம்புக்கு முதல்ல காசு ஜாஸ்தி, ஃபேன் சத்தமும் இருக்கு, ஆனா காத்துல இருக்குற சூட்ட இழுக்குறதால 1 யூனிட் கரண்டுக்கு சுமார் 3 யூனிட் சூடு, மழையோ ராத்திரியோ கவலையில்ல. லீஜியோனெல்லா கிருமி வளராம இருக்க டேங்க்ல 60 டிகிரி வேணும், குழாய்கிட்ட பச்சத்தண்ணி கலக்குற மிக்சிங் வால்வு வெச்சு குறைச்சுக்கணும், இல்லன்னா பேஷண்ட் கை வெந்துடும். சில ஹீட் பம்ப் 55லயே நின்னுடும், கேட்டு வாங்குங்க.

நான் ஹீட் பம்ப் பக்கம்தான், அக்கா இன்னும் மொட்டைமாடியையே அண்ணாந்து பாத்துட்டு இருக்கா.