ஒரே டைட்ரேஷன், மூன்று பேர்: எங்கள் கல்லூரிக்கு எந்த வேதியியல் ஆசிரியர்?

பெங்களூரில் உள்ள எங்கள் கல்லூரியில் வேதியியல் துறை என்றால் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு வந்த விண்ணப்பங்களில் கடைசிச் சுற்றுக்கு மூன்று நின்றன. முதலாமவர், பெங்களூரிலேயே ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் பிஎச்.டி. முடித்து, வெளிநாட்டில் இரண்டு வருடம் போஸ்ட்டாக் என்கிற பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு செய்துவிட்டுத் திரும்பிய இளைஞர். அடுத்தவர், கர்நாடகத்தின் உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான கே-செட் தேறி, 9 வருடமாகக் கல்லூரி கல்லூரியாக கெஸ்ட் லெக்சரராக ஓடிக்கொண்டிருக்கும் அம்மணி. மூன்றாமவர், பீன்யாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 25 வருடம் இருந்து ஓய்வு பெற்ற எம்.எஸ்சி.காரர்.

காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. கல்லூரி நேர்காணலுக்கு ஆட்களை வடிகட்ட பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளில் ஒரு மதிப்பெண் அட்டவணை உண்டு. பிஎச்.டி.க்கு 25, ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.-உடன் தேசியத் தகுதித் தேர்வான நெட் தேறியிருந்தால் 10, ஆய்வுக் கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 6, போஸ்ட்டாக்கும் சேர்த்து அனுபவத்துக்கு வருடம் 2 வீதம் அதிகபட்சம் 10. பட்ட மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டுக் கூட்டினால் அந்த இளைஞருக்கு 45. அம்மணிக்கு செட்டுக்கு 5. ஒன்பது வருட அனுபவத்தை முழுசாகக் கணக்கில் எடுத்தாலும் 10-க்கு மேல் ஏறாது. ஆக 15. ஆனால் அதே விதி, இந்த மதிப்பெண் நேர்காணலுக்கு அழைக்க மட்டும்தான், தேர்வு நேர்காணலை வைத்தே என்றும் சொல்கிறது. 2023-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உதவிப் பேராசிரியர் பணிக்கு பிஎச்.டி. கட்டாயமும் இல்லை. எங்கள் தேர்வுக் குழுவில் பலர் 45-ஐப் பார்த்தவுடனேயே முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

அதனால் மூவரையும் லேபுக்கு அழைத்தோம். எதிரே இரண்டாம் ஆண்டு மாணவர்கள். வேலை ஒன்றுதான்: ஆக்சாலிக் அமிலத்தை வைத்து பர்மாங்கனேட் கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும். கந்தக அமிலம் சேர்த்து, 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி, பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுவதை வைத்து அளக்கிற பழைய டைட்ரேஷன்.

இளைஞர் வந்த அன்று ஒரு பெண் கேட்டாள்: “சார், முதல் சொட்டு மட்டும் ஏன் கலர் போக இவ்வளவு நேரம் எடுக்குது?” அவர் முகம் மலர்ந்துவிட்டது. வினையில் பிறக்கிற மாங்கனீஸ் அயனியே அந்த வினையை முடுக்குகிறது, முதல் சொட்டின்போது அது கிட்டத்தட்ட இல்லை என்பதை வேக வரைபடத்தோடு பலகையில் விளக்கினார். அவ்வளவு தெளிவாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் அவர் முதுகு வகுப்புக்குத்தான் இருந்தது. பின்வரிசையில் ஒரு பையன் பிப்பெட்டை வாயில் வைத்து அமிலத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஓடிப்போய் நான்தான் நிறுத்தினேன்.

அம்மணி பலகைப் பக்கமே போகவில்லை. மேசை மேசையாகச் சுற்றினார். பர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் பியூரெட் என்கிற அளவுக்குழாயில் கரைசலின் மேல் விளிம்பைப் படிக்க வேண்டும் என்று ஒவ்வொருவர் தோளருகிலும் குனிந்து காட்டினார். ஒருவனின் குடுவை பழுப்பாகக் கலங்கியது. தூரத்திலிருந்தே, “ஆசிட் சரியா ஊத்தினியா தம்பி?” என்றார். அவன் ஊற்ற மறந்திருந்தான். அதே முதல் சொட்டுக் கேள்வி இவருக்கும் வந்தது. “இப்போ குடுவையில புதுசா என்ன வந்திருக்கு, யோசிங்க” என்று அவர்களையே மாங்கனீஸ் வரை இழுத்துவந்தார். அதற்கு மேல் வினைவழியைத் துருவிக் கேட்டபோது, “நாளைக்குப் படிச்சிட்டு வந்து சொல்றேன்” என்றார். தெரியாததைத் தெரிந்த மாதிரி மழுப்பாதது எனக்குப் பிடித்திருந்தது.

தொழிற்சாலைக்காரர், பாட்டிலில் லேபிள் இல்லை என்று வேலையைத் தொடங்கவே மறுத்தார். யார் தயாரித்தது, எந்தத் தேதி, ஏன் பழுப்பு பாட்டிலில் வைக்கவில்லை, வெளிச்சம் பட்டால் சிதையாதா? எல்லாம் நியாயமான கேள்விகள். பி.எஸ்சி. முடித்துத் தொழிற்சாலை லேபுக்கு வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகள் அவற்றைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் டைட்ரேஷனை முழுக்க அவரே செய்தார், பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். நெட்டோ செட்டோ இல்லாததால் நிரந்தரப் பணியும் தர முடியாது. தொழில் அனுபவம் உள்ளவர்களைக் குறுகிய காலத்துக்கு எடுக்க 2022-ல் யுஜிசி கொண்டுவந்த ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ வழிதான் இருக்கிறது; அதிலும் மூன்று வருடம், மிஞ்சிப்போனால் இன்னும் ஒன்று.

என் ஓட்டு அம்மணிக்கு. எங்கள் பிள்ளைகளில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். அல்சூர், ஸ்ரீராமபுரத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு. தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர்களும் உண்டு. மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும், அதனால் செய்முறை தவறினால் இருந்து திரும்பச் செய்ய நேரம் கிடையாது. தவறு நடக்கிற அந்த நொடியிலேயே பார்க்கிற கண் அவர்களுக்கு வேண்டும். மூன்று பேர் மட்டுமே உள்ள துறையில் கனிமம், கரிமம், இயற்பியல் வேதியியல் என்று எதையும் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு விதிப்படி வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. இளைஞரிடம் இதைச் சொன்னபோது, ஆராய்ச்சிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவீர்கள் என்று திருப்பிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆறேழு வருட உழைப்பை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? எங்களிடம் கருவியும் இல்லை, நிதியும் இல்லை. நல்ல இடம் கிடைத்ததும் செமஸ்டர் நடுவில் கிளம்பினால், மிச்சப் பாடத்தை மற்ற இருவரும்தான் சுமக்க வேண்டும்.

அம்மணியிடமும் குறை உண்டு. ஆய்வுக் கட்டுரை வாசிக்கிற பழக்கம் விட்டுப்போயிருக்கிறது; ஜாம் நுழைவுத்தேர்வு எழுதி எம்.எஸ்சி.க்குப் போக நினைக்கிற நாலைந்து பேருக்கு அந்த இளைஞர் பெரிய துணையாக இருந்திருப்பார். இது உண்மையான இழப்புதான். ஆனால் ஒன்பது வருடமாக ஒவ்வொரு செமஸ்டரும் அடுத்த செமஸ்டர் வேலை இருக்குமா என்று தெரியாமலே பாடம் நடத்தியவருக்கு, நிரந்தர வேலையும் படிக்கக் கொஞ்சம் நேரமும் கொடுத்தால் அந்த இடைவெளி நிரம்பும் என்று நம்புகிறேன். தொழிற்சாலைக்காரரை வாரம் ஒரு நாள் மூன்றாம் ஆண்டு லேபுக்கு அழைக்கலாம் என்றும் குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிவேடு எழுதுவதையும் லேபிள் ஒட்டுவதையும் அவரிடமிருந்துதான் கற்க வேண்டும்.

எங்கள் கல்லூரியில் எம்.எஸ்சி. வகுப்பு இருந்திருந்தால் இளைஞரைத்தான் சொல்லியிருப்பேன். இப்போதைக்கு அது இல்லை.