2,199 ரூபாய் உகுலேலே கிட், பால்கனியில ஒட்டிப் பாத்த கதை

பொண்ணு ஆறாங்கிளாஸ். ஸ்கூல்ல யாரோ வாசிச்சதைப் பாத்துட்டு வந்து உகுலேலே, அதான் நாலு கம்பி வச்ச குட்டி கிட்டார், வேணும்னு ஒரே அடம். ரெடிமேடாவே வாங்கிக் குடுத்திருக்கலாம்தான், ஆனா எனக்கு ரொம்ப நாளா மரவேலை செய்யணும்னு கை அரிச்சுக்கிட்டு இருந்துச்சு, அந்த நேரம் பாத்து ஆன்லைன்ல நீங்களே செஞ்சுக்கிற கிட் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, கான்செர்ட் சைஸ், அதாவது மொத்த நீளம் 23 இஞ்ச், விலை 2,199. பிராண்ட் பேரே கிடையாது, வெறும் அட்டைப்பெட்டி. பால்கனியில வச்சு ஒட்டப் போறேன்னதும் வீட்ல கேட்ட முதல் கேள்வி "அப்ப துணி எங்க காயப்போடுறது?"

பெட்டியைப் பிரிச்சதும் ஒண்ணு புரிஞ்சுது, பாடி ஏற்கனவே ஒட்டி முடிச்சுதான் வருது. உண்மையா உகுலேலே செய்றவங்களுக்கு கஷ்டமே அங்கதான். ரெண்டு மில்லிமீட்டருக்கும் கம்மியா இழைச்ச பலகையை நனைச்சு, சூடான இரும்புக் குழாய்ல அழுத்தி அழுத்தி அந்த இடுப்பு வளைவைக் கொண்டு வரணும், கொஞ்சம் அவசரப்பட்டா டப்புனு உடைஞ்சிரும். அந்த வேலை நமக்கு இல்ல. அதனால நான் உகுலேலே செஞ்சேன்னு சொல்றதுல பாதி பொய், ஒட்டினேன்னு வேணா சொல்லிக்கலாம். நெக் (கழுத்து), ஃப்ரெட்னு குறுக்கே உலோகப் பட்டை அடிச்ச ஃபிங்கர்போர்டு (விரல் வைக்கிற பலகை), பாடி மேல ஒட்டுற பிரிட்ஜ், கம்பியை மேல் முனையில தாங்குற நட், கீழ பிரிட்ஜ் மேல தாங்குற சேடில், கம்பியை முறுக்குற ட்யூனர் நாலு, கருப்பு நைலான் கம்பி, ஒரு ஷாம்பு பாக்கெட் சைஸ்ல வெள்ளைப் பசை, ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் தாள். இவ்ளோதான்.

விளம்பரத்துல மஹாகனி மரம்னு போட்டிருந்தான். சவுண்ட் ஹோல் ஓரத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணா மூணு லேயர் தெரியுது, பிளைவுட்தான். பொய் சொன்னதுக்கு கோவம் வந்துச்சு, ஆனா சென்னை ஈரத்துக்கு பிளைவுட் ஒண்ணும் மோசம் இல்ல, ஒரே பலகையா இருந்தா மழைக்காலத்துல உப்பி வெயில்காலத்துல சுருங்கி வெடிக்க வாய்ப்பு இருக்கு, இது பாட்டுக்கு அப்படியே கிடக்கும்.

நெக் ஒட்டுறதுக்கு அந்த பாக்கெட் பசையை நம்பல, வீட்ல இருந்த ஃபெவிகால்தான். நான் பிதுக்குன அளவைப் பாத்துட்டு கீழ் வீட்ல கபோர்டு வேலை பண்ணிட்டிருந்த ஆசாரி அண்ணன் சிரிச்சிட்டாரு, "சார், மரம் மரத்தைத் தொடணும், பசையைத் தொடக்கூடாது, முதல்ல ஜாயின்ட்டை உப்புத்தாள் போட்டு ஒக்கார வைங்க"ன்னாரு. கிளாம்ப் இல்ல, பழைய சைக்கிள் ட்யூபை நீளமா வெட்டி சுத்தி இறுக்கினேன், சத்தியமா நல்லா பிடிச்சுது.

இப்ப மெயின் மேட்டர், அந்த தாள். நட்ல இருந்து சேடிலுக்கு 375 மி.மீ. அளந்து பிரிட்ஜை ஒட்டுங்கன்னு போட்டிருக்கு. நானும் நல்ல பிள்ளையா ஒட்டி, ஒருநாள் காய வச்சு, கம்பி மாட்டி, நாலு கம்பியையும் ஜி சி இ ஏங்கிற சுருதிக்கு ட்யூன் பண்ணி பொண்ணு கையில குடுத்தேன். கம்பியை சும்மா தட்டுனா அழகா இருக்கு. விரல் வச்சு வாசிச்சா ஏதோ பிசிறுது, மேல போகப் போக இன்னும் மோசம். புதுக் கம்பி இழுபடும், நாலு நாள் போனா சரியாகும்னு அவளை சமாதானம் பண்ணேன். ஆகல. ட்யூனர் ஆப்பை வச்சு 12வது ஃப்ரெட்டை அழுத்திப் பாத்தா முள்ளு 25 சென்ட்டைத் தாண்டி ஷார்ப்ல, அதாவது சுருதி கூடி நிக்குது, அதாவது பக்கத்து ஃப்ரெட்டுக்குப் போற தூரத்துல கால்வாசி தப்பு.

அப்புறம்தான் ஸ்கேலை எடுத்தேன். நட்ல இருந்து 12வது ஃப்ரெட் வரைக்கும் சரியா 190. அந்த ஃப்ரெட் கம்பியோட பாதியில இருந்தாதான் அடுத்த ஸ்தாயி சுத்தமா வரும், அப்ப முழு நீளம் 380. அதோட கம்பியை அழுத்தும்போது கொஞ்சம் இழுபட்டு சுருதி ஏறும், அதுக்கு ஈடா ஒரு ரெண்டு மில்லிமீட்டர் பின்னாடி தள்ளணும், ஆக 382. தாள்ல இருக்கிறதுக்கும் இதுக்கும் ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். வேற ஏதோ மாடலோட தாளை இதுல போட்டு அனுப்பிட்டான்னு நினைக்கிறேன்.

எங்க தாத்தா வீட்ல ஒரு வீணை இருந்துச்சு, மேளம் கட்டுறவர் வந்து மெழுகை இளக்கி, காதால கேட்டுக்கேட்டு ஒவ்வொரு மெட்டையும் (வீணையோட ஃப்ரெட்) நகர்த்தி வைப்பாரு, தப்பாப் போனா மறுபடி இளக்கிக்கலாம். இதுல அந்த வசதி கிடையாது. ஃப்ரெட்டை ரம்பத்துல கீறி அடிச்சாச்சு, நம்ம கையில மிச்சம் இருக்கிறது பிரிட்ஜ் எங்க உக்காரணும்ங்கிறது ஒண்ணுதான், அதையும் தப்பா அச்சடிச்சுக் குடுத்தா என்ன பண்றது!

ஒட்டுன பிரிட்ஜை எடுத்தது தனிக் கதை. அயர்ன் பாக்ஸை மிதமான சூட்டுல அது மேல வச்சு, பசை இளகினதும் வெண்ணெய் தடவுற கத்தியை மெதுவா உள்ள விட்டு, முக்கா மணி நேரம். மேல் பலகையில கொஞ்சம் நார் உரிஞ்சு வந்துருச்சு. நல்லவேளை பாலிஷ் அப்ப போடல. பாலிஷ் மேல பசை பிடிக்காது, அதனால பிரிட்ஜ் வர்ற இடத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டுதான் ஷெல்லாக் (அரக்கு பாலிஷ்) தடவணும், இதையும் அந்த தாள்ல சொல்லல. இன்னொண்ணு, மழை பெய்ற அன்னைக்கு ஷெல்லாக் போடாதீங்க, வெள்ளையா பூத்துரும். எனக்குப் பூத்துச்சு, தேய்ச்சு எடுத்துட்டு திரும்பப் போட்டேன்.

சின்னச் சின்னதா வேற குறைகளும் இருக்கு. ஃப்ரெட் ஓரமெல்லாம் கையைக் கிழிக்குது, அரம் போட்டு மழுக்கணும். ஏழாவது ஃப்ரெட் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, ஏடிஎம் கார்டை மூணு ஃப்ரெட் மேல நிமித்தி வச்சா ஊஞ்சல் மாதிரி ஆடும், அதை வச்சே கண்டுபிடிச்சிடலாம், மரத்துண்டு வச்சு ஒரு தட்டு தட்டினேன், உக்காந்துருச்சு. நட்ல பள்ளம் ஆழமே இல்ல, வெல்டிங் டிப் கிளீனர்னு சொரசொரப்பான மெல்லிசு கம்பிங்க ஹார்டுவேர் கடையில விக்கும், அதுல ராவி இறக்கினேன். கருப்புக் கம்பியைத் தூக்கிப் போட்டுட்டு அக்விலா நைல்கட்னு வேற கம்பி மாட்டினதும் இது வேற வாத்தியம் மாதிரி ஆயிருச்சு, கம்பிக்கு மட்டும் தனியா 650 ரூபா. ட்யூனர் நாலும் குறை சொல்ல முடியாது, நழுவவே இல்ல.

இந்த வாத்தியத்துக்கு மூலம் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதேரா தீவுல இருந்த மஷேட்டிங்கிற குட்டி கிட்டார். 1879ல ரேவன்ஸ்கிராக்னு ஒரு கப்பல்ல கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய் போனவங்கள்ல நூனெஸ், டியாஸ், எஸ்பிரிட்டோ சாண்டோன்னு மூணு பேர், மூணு பேருமே மேஜை நாற்காலி செய்ற தச்சர்கள். நம்மாளுங்க மலேயாவுக்கும் ஃபிஜிக்கும் தோட்டத்துக்குப் போன மாதிரிதான். தோட்டத்து ஒப்பந்தம் முடிஞ்சப்புறம் ஹொனலுலுல கடை போட்டு செஞ்சு வித்தாங்க. அயர்ன் பாக்ஸும் கையுமா நின்னப்ப எனக்கு இவங்க நெனப்புதான், தச்சர் கையில பொறந்த வாத்தியம்யா இது, என்னை மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றவன் கையில மாட்டிக்கிச்சு.

கம்பி, ஷெல்லாக், உப்புத்தாள், டிப் கிளீனர் எல்லாம் சேத்து மூவாயிரத்தை நல்லாவே தாண்டிருச்சு, அந்தக் காசுக்கு ரெடிமேடே கிடைக்கும். பிள்ளை அடுத்த வாரமே வாசிக்கணும்னா அதையே வாங்குங்க. ஒட்டிப் பழகணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு நான் 5க்கு 3 குடுப்பேன், அந்த தாளுக்கு பூஜ்யம். விக்கிறவனுக்கு 375 தப்புன்னு போட்டோவோட மெசேஜ் போட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி, ஐந்து ஸ்டார் வழங்கவும்"னு பதில் வந்துச்சு. பொண்ணு இப்ப சி, எஃப்னு ரெண்டு கோர்டு (சேந்து ஒலிக்கிற சுரங்கள்) மாத்தி மாத்தி வாசிக்கிறா, பிரிட்ஜ் பக்கத்துல உரிஞ்ச இடத்துக்கு மேல பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கா.