வீட்டுக்கே டொக்டர் எண்டு நம்பி 42,500 ரூபா போச்சு. வயசான ஆக்கள் இருக்கிற வீட்டுக்காரர் வாசியுங்கோ

இண்டைக்கு விடியத்தான் ஆஸ்பத்திரி வாட்டில இருந்து வந்தனான். அம்மா இன்னும் அங்க ஒக்சிஜன் குழாயோட. நித்திரை வரேல்ல, கோவமும் ஆறேல்ல. அதுதான் எழுதுறன்.

அம்மாவுக்கு 79. சீனி வருத்தம் இருக்கு. மற்றபடி திருகோணமலை உவர்மலையில இருந்து தானே இறங்கிப் போய் மீன் வாங்கிற மனுசி. போன ஞாயிறு பின்னேரம் என்னைச் செத்துப்போன மாமான்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. கொஞ்ச நேரத்தில திரும்ப நல்லாக் கதைச்சா. திங்கள் சாப்பாட்டைத் தொடேல்ல, பாத்ரூம் வாசல்ல விழுந்தா. இருமல் இல்லை. காய்ச்சல் பார்த்தன், 99.4. இது காய்ச்சலே இல்லை எண்டு நானே முடிவெடுத்திட்டன்.

அந்த நிலையில அவவை ஆஸ்பத்திரி வரிசையில இருத்த மனம் வரேல்ல. போனிலேயே டொக்டர், வீட்டுக்கே மருந்து எண்டு விளம்பரம் போடுற ஒரு ஒன்லைன் சேர்விஸுக்கு எடுத்தன். வீடியோவில வந்தவர், "அம்மா, சாப்பிட்டியளோ? மகளோட என்ன கோவம்?" எண்டு கேட்டார். ரெண்டு நாளாச் சிரிக்காத அம்மா சிரிச்சா. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் நம்பினன். மூண்டு நிமிசம் கதைச்சிருப்பார். என்ன குளிசை குடிக்கிறா எண்டுகூடக் கேக்கேல்ல. "வயசுதான், மறதி வருத்தம் தொடங்குது" எண்டார். நாலு சேலைன், விற்றமின் ஊசி, இரவுக்கு நித்திரைக் குளிசை, எல்லாம் சேர்த்து 42,500 ரூபா. அம்மான்ர கண்ணுக்கு லென்ஸ் வாங்க அண்ணா கனடாவில இருந்து அனுப்பின காசு அது. அந்த இடத்திலேயே போட்டிட்டன்.

செவ்வாய் ஒரு பெடியன் வந்து சாமிப்பட ஆணியில சேலைனைக் கொழுவிப் போட்டுப் போனான். புதன் முழுக்க அம்மா கண் திறக்கேல்ல. மெசேஜ் போட்டன். "குளிசை வேலை செய்யுது, பயப்படாதேங்கோ." திரும்ப எடுத்தன். "டொக்டர் வேற கோல்ல நிக்கிறார்." வியாழன் விடிய அம்மாக்கு மூச்சு வாங்கினதைப் பார்த்து 1990 அம்புலன்ஸுக்கு அடிச்சன்.

அவசர சிகிச்சையில நிண்ட டொக்டர்ப் பிள்ளை அம்மான்ர நெஞ்சில கைவச்சு, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிசம் மூச்சை எண்ணினா. 28. "அக்கா, அம்மாக்கு வழமையா எவ்வளவு சூடு?" 97 எண்டன். "அப்ப 99.4 அவவுக்குக் காய்ச்சல்தான். மறதி வருத்தம் மாசக்கணக்கில மெல்ல மெல்ல வரும், ரெண்டு நாளில வராது. வயசான ஆக்களுக்கு இருமல், காய்ச்சல் இல்லாமலும் நியூமோனியா வரும். இப்பிடித் திடீரெண்டு குழம்புறது, விழுறது, சாப்பிடாம விடுறதுதான் முதல்ல தெரியும்." எக்ஸ்ரேயில வலது நுரையீரல் கீழ்ப்பக்கம் வெள்ளையாக் கிடந்தது. நித்திரைக் குளிசை அவவை இன்னும் மந்தமாக்கியிருக்கு. எக்ஸ்ரே, நாளத்தில ஏத்தின அன்டிபயோட்டிக், ஒண்டுக்கும் ஒரு சதம் கேக்கேல்ல.

42,500ஐத் திருப்பிக் கேட்டன். "பக்கேஜ் தொடங்கினாப் பிறகு ரிபண்ட் இல்லை." மிச்சம் மூண்டு சேலைன் பாவிக்கவே இல்லையே எண்டன். "மனேஜருக்கு அனுப்பியிருக்கு." மனேஜர் ஆர் எண்டு கேட்டன். அதுக்குப் பிறகு மெசேஜைப் பார்த்திட்டினம் எண்ட நீலக் கோடு ரெண்டு மட்டும்தான் வருது.

என்னென்ன பார்க்கோணும் எண்டு விரிவா எழுத நினைச்சனான், கை நடுங்குது. நல்லா இருக்கேக்கயே அப்பா அம்மான்ர வழமையான சூட்டை எழுதி வையுங்கோ. திடீரெண்டு ஆள் மாறினா மூச்சை எண்ணுங்கோ, நிமிசத்துக்கு 25க்கு மேல எண்டா உடன கொண்டு ஓடுங்கோ. எண்ணிக்கை அதைவிடக் குறைவா இருந்தாலும் குழப்பம் இருந்தா அண்டைக்கே காட்டுங்கோ. சலத்தில கிருமி எண்டு, சலத்தில தோய்ச்சுப் பார்க்கிற ஸ்ட்ரிப்பை மட்டும் பார்த்து ஆராவது மருந்து தந்தா அதோட விடாதேங்கோ, வயசான ஆக்களின்ர சலத்தில வருத்தம் இல்லாமலும் கிருமி இருக்குமாம், வருத்தம் உண்மையில இருக்கிற இடம் மறைஞ்சிடும். ஆளைத் தொட்டுப் பார்க்காம நித்திரைக் குளிசை தாறவனுக்குக் காசு போடாதேங்கோ.

42,500 ரூபா ஸ்லிப் என்னட்டக் கிடக்கு. இப்பிடி வீட்டுக்கு வந்து சேலைன் ஏத்தின சேர்விஸிட்டக் காசு குடுத்த திருகோணமலை ஆக்கள் இருந்தா இன்பொக்ஸுக்கு வாங்கோ, சேர்ந்து போய் முறைப்பாடு குடுப்பம்.