நுண்ணோக்கியா, பி.சி.ஆரா: மலப் பரிசோதனையில் எது எப்போது?

வயிற்றுப்போக்கு நாள்கணக்கில் நிற்காவிட்டால் மலப் பரிசோதனைக்கு எழுதித் தருவார்கள். கிருமியைக் கண்டுபிடிக்கப் பழைய வழி நுண்ணோக்கி, புது வழி கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் சோதனை.

நுண்ணோக்கிச் சோதனைக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புக்கரைசல், அதில் குச்சி நுனியளவு மலம், மேலே மூட ஒரு மெல்லிய வில்லை. மாதிரி புதிது என்றால் அமீபா போலிக்காலை நீட்டி நகர்வதை உயிரோடு பார்க்கலாம். அதன் உடலுக்குள் விழுங்கிய சிவப்பணு தெரிந்தால் சீதபேதி அமீபாதான் என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் தண்ணீராகப் போன மலத்துக்கு அரை மணி நேரம்தான் கெடு. அப்புறம் அமீபா அசைவு நின்று சிதைந்துவிடும். காலையில் எடுத்து மதியம் கொண்டுபோன டப்பாவில் 'எதுவும் இல்லை' என்று வந்தால் நான் நம்ப மாட்டேன். ஜியார்டியா என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணியோ எல்லா நாளும் மலத்தில் வெளியேறாது. வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கேட்பது அதற்காகத்தான், சலித்துக்கொள்ளாமல் கொடுங்கள்.

நுண்ணோக்கியின் பெரிய குறை வேறு. எண்டமீபா ஹிஸ்டோலிடிகா என்ற சீதபேதி அமீபா நோய் தரும். அதைப் போன்ற எண்டமீபா டிஸ்பார் சும்மா குடியிருக்கும். இரண்டின் சிஸ்ட்டும் (ஓடு மூடிய உறங்குநிலை) பார்வைக்கு ஒன்றேதான். ரிப்போர்ட்டில் உள்ள 'சிஸ்ட்' என்ற ஒரு சொல்லை நம்பி, வேண்டாத மருந்தை விழுங்க நேரலாம்.

பி.சி.ஆர் மரபணுவைத் தேடுவதால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும். பல கிருமிகளை ஒரே மாதிரியில், சில மணி நேரத்தில் பார்த்துவிடும். ஆனால் செத்த கிருமியின் மரபணுவும் அதில் விழும். அதனால் குணமாகிவிட்டதா என்று பார்க்க அதை உடனே திரும்பச் செய்வதில் பயனில்லை. எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்பதற்கு கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான் வேண்டும், அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

சீதமும் ரத்தமும் போகிறது, லேப் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் நான் முதலில் நுண்ணோக்கியைத்தான் கேட்பேன். மாதிரி போய்ச் சேர நேரமாகும், அல்லது நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்றால் பி.சி.ஆர்.

மாதக்கணக்காக வலியும் பேதியும் மாறி மாறி வந்து, கிருமியே சிக்கவில்லையா? அப்போது கேட்க வேண்டியது கால்புரோடெக்டின். குடலில் அழற்சி இருந்தால் அங்கு கூடும் வெள்ளணுக்களிலிருந்து இந்தப் புரதம் மலத்தில் கலக்கும். பெரியவர்களுக்கு ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் குடல் அழற்சி நோய்க்கு வாய்ப்பு குறைவு. ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இந்த அளவை ஏற்றிவிடும் என்பதால், எடுத்துக்கொண்டிருந்தால் மாதிரி கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.