வெளிநாட்டுப் பயணச் செலவு: பில் கணக்கா, தினப்படியா?

கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு பிரைவேட் லிமிடெட் நிறுவனம், ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடைபெறும் ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத் துணிக் கண்காட்சிக்குத் தன் இயக்குநரையும் ஒரு மெர்ச்சண்டைசரையும் (வாங்குபவர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் ஊழியர்) அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானக் கட்டணம் வங்கி வழியே போய்விடுவதால் அதில் குழப்பம் குறைவு. ஓட்டல், சாப்பாடு, டாக்சி ஆகியவற்றுக்குத்தான், பில் வாரியாகக் கணக்குக் கொடுப்பதா, நாளொன்றுக்கு இவ்வளவு என்று தினப்படி கொடுப்பதா என்ற கேள்வி எழுகிறது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 37(1), முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே செய்த, சொந்தச் செலவோ மூலதனச் செலவோ அல்லாத தொகையை மட்டுமே கழிக்க அனுமதிக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்த அடிப்படைச் சோதனை அப்படியே இருக்கிறது. இங்கே நான் சொல்லும் வருமான வரிப் பிரிவு, விதி எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியவை. பிரிவு 115பிஏஏ-இன் குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்து, சர்சார்ஜ், செஸ் உட்பட 25.168 சதவீதம் வரி கட்டும் நிறுவனத்துக்கு 4 லட்சம் ரூபாய்ச் செலவு ஏற்கப்படாமல் போனால், வரி மட்டும் 1,00,672 ரூபாய் கூடும்.

பில் வழியின் பலம், எதற்காக எவ்வளவு செலவானது என்பது தாளிலேயே இருப்பது. அதன் பலவீனமும் அந்தத் தாள்தான். ஜனவரியில் வாங்கிய டாக்சி ரசீதும் உணவக ரசீதும் பெரும்பாலும் தெர்மல் தாளில் அச்சானவை. செப்டம்பரில் தணிக்கைக்காகக் கோப்பைத் திறக்கும்போது, சில வெறும் வெள்ளைத் துண்டுகளாகக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அன்றிரவே படமெடுத்து, யாரைச் சந்திக்கப் போனோம் என்பதையும் ஒரு வரி எழுதி வைத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

தினப்படியில் இந்த அலைச்சல் இல்லை. ஆனால் பலர் நினைப்பதுபோல் அது வரியற்ற பணமும் இல்லை. பிரிவு 10(14), விதி 2பிபி ஆகியவற்றின்படி, ஊழியர் உண்மையில் செலவழித்த அளவுக்குத்தான் விலக்கு உண்டு. மிச்சம் அவருடைய சம்பளமாகிவிடும், நிறுவனம் அதற்கு டிடிஎஸ் (சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டும். பயணம் தொழிலுக்கானது என்று காட்டும் பொறுப்பையும் தினப்படி குறைப்பதில்லை. கண்காட்சி நுழைவு அட்டை, வாங்குபவரோடு நடந்த மின்னஞ்சல், பின்னர் வந்த சாம்பிள் ஆர்டர் ஆகியவை இரண்டு வழியிலும் கோப்பில் இருந்தாக வேண்டும்.

மெர்ச்சண்டைசருக்கு நான் பரிந்துரைப்பது ஓட்டலுக்கு பில், சாப்பாட்டுக்கும் உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் எழுத்துபூர்வமான கொள்கைப்படி நியாயமான தினப்படி. பங்குதாரராகவும் இருக்கும் இயக்குநருக்கு நிலைமை வேறு. அவர் தனக்குத் தானே நிர்ணயித்துக்கொள்ளும் தொகை என்பதால் கேள்வி அங்கேதான் முதலில் எழும். மனைவியின் டிக்கெட்டும், கண்காட்சி முடிந்து பாரிஸில் தங்கிய மூன்று நாளும் அதே வவுச்சரில் இருந்தால், உண்மையான தொழில் செலவின் மீதும் சந்தேகம் படியும். ஆகவே அவருக்கு எல்லாம் பில் வழியே போகட்டும். சொந்தச் செலவை அவருடைய சொந்தக் கார்டிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

முன்பணமாக வாங்கிய தொகையைத் திரும்பியவுடன் கணக்கு முடிப்பதும் முக்கியம். மாதக்கணக்கில் இயக்குநர் பெயரில் நிலுவையாகக் கிடக்கும் பயண முன்பணம், வருமான வரியில் பிரிவு 2(22)(இ)-இன் கருதப்பட்ட ஈவுத்தொகைக் கேள்வியையும் (பங்குதாரருக்குக் கொடுத்த கடனை ஈவுத்தொகையாகவே கருதி வரி போடுவது), நிறுவனச் சட்டத்தில் பிரிவு 185-இன் இயக்குநர் கடன் கேள்வியையும் ஒருசேரக் கிளப்பிவிடும்.