டெனன் டிசிடி-1600என்ஈ: எட்டு மாதம் கேட்டபின்

1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவன் நான். அதனாலோ என்னவோ நல்ல ஒலி என்றால் எனக்கு இப்போதும் பேராசைதான். ஜேர்மனியிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்து தந்த இந்த டெனன் சீடி பிளேயர், கொக்குவிலில் எங்கள் முன் அறையில் எட்டு மாதமாகப் பாடிக்கொண்டிருக்கிறது.

வாங்கியது எஸ்ஏசிடி, அதாவது சூப்பர் ஓடியோ சீடி, கேட்கத்தான். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1999இல் கொண்டுவந்த டிஸ்க் அது. சாதாரண சீடி ஒலியை செக்கனுக்கு 44,100 தடவை 16 பிட்டில் அளக்கிறது, எஸ்ஏசிடி ஒரே ஒரு பிட்டை வைத்துக்கொண்டு அதைப்போல 64 மடங்கு வேகத்தில், அதாவது செக்கனுக்கு 28 இலட்சத்துக்கும் மேல் அளக்கிறது. பெரும்பாலான டிஸ்க்குகள் ஹைபிரிட் வகை, உள்ளே சாதாரண சீடி லேயர் (படை) ஒன்றும் இருப்பதால் கார் பிளேயரிலும் பாடும்.

சரி, வித்தியாசம் கேட்கிறதா? முதலில் போட்டது பென்டாடோன் என்ற இசைக் கம்பனி வெளியிட்ட பியானோ எஸ்ஏசிடி டிஸ்க். இரவு பத்து மணிக்குப் பிறகு, தெருவில் மோட்டார் சைக்கிள்கள் அடங்கி, வெக்கையோடு வெக்கையாக ஃபேனையும் நிறுத்திவிட்டு இருந்தேன். கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் நாதம் மெல்ல மெல்லக் கரைந்துபோவது, பதிவுசெய்த மண்டபத்தின் காற்றோடு சேர்ந்து கேட்டது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. அப்புறம் இன்னொரு டிஸ்க்கில் லேயரை மாற்றி மாற்றிக் கேட்டேன், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்றாவதில் எஸ்ஏசிடி லேயர் தெளிவாகவே நன்றாக இருந்தது. ஆனால் சில டிஸ்க்குகளில் இரண்டு லேயருக்கும் வேறு வேறு மாஸ்டரிங் (பதிவுசெய்த ஒலியை டிஸ்க்குக்காகக் கடைசியாகச் சீர்செய்வது) செய்திருப்பார்கள், அப்போது நாம் ஒப்பிடுவது டிஸ்க்கின் தொழில்நுட்பத்தையா அந்த மாஸ்டரிங்கையா என்று சொல்லவே முடியாது. எட்டு மாதத்தில் எனக்குத் தெளிவானது இதுதான்: எப்படிப் பதிவுசெய்தார்கள், எப்படி மாஸ்டர் செய்தார்கள் என்பதே முதலில் வருகிறது, 64 மடங்கு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வாங்க முதல் தெரிந்திருக்க வேண்டியவை சில. எஸ்ஏசிடியின் ஒலி ஆப்டிகல், கோஆக்ஸியல் என்ற டிஜிட்டல் அவுட்டுகள் வழியாக வெளியே வராது, பிரதி எடுப்பதைத் தடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள். சிவப்பு வெள்ளை ஆர்சிஏ வயர் போட்டு அம்பிளிபயரில் குத்த வேண்டியதுதான். யூஎஸ்பி கிடையாது, ஆனால் 192 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் பாட்டு ஃபைல்களை டிவிடி-ஆர் டிஸ்க்கில் எழுதிப் போட்டால் பாடும். ப்யூர் டைரக்ட் என்ற முறையில் வைத்தால் டிஸ்பிளேயும் டிஜிட்டல் அவுட்டும் அணைந்துவிடும், நான் எப்போதும் அதிலேயே கேட்கிறேன்.

இன்னொன்று, ஜப்பானில் விற்ற பழைய பிளேயர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாரும் அவசரப்படாதீர்கள். அவை 100 வோல்ட், எங்கள் கறண்ட் 230. முன்பு ஒரு பிளேயரை, திருத்துகிற ஒருவர் "பிரச்சினையில்லை அண்ணை" என்று நேரே செருகிவிட்டார், ஒரே நிமிடத்தில் கருகிய மணம் வந்தது. ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் அவற்றைத் தொடவே வேண்டாம். என்னுடையது ஐரோப்பிய மொடல் என்பதால் அந்தத் தலையிடி இல்லை.

தமிழ்ப் பாட்டுக்காக மட்டும் எஸ்ஏசிடி பிளேயர் வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம், நான் தேடித் தேடியும் என் கையில் ஒரு டிஸ்க்கும் வரவில்லை. என்னிடம் இருப்பதெல்லாம் மேற்கத்திய சாஸ்திரிய இசையும் ஜாஸும்தான், ஒவ்வொன்றும் யாராவது வெளிநாட்டிலிருந்து வரும்போது பெட்டிக்குள் வந்தவை. ஆனால் அலுமாரியில் கிடந்த பழைய வீணை சீடி ஒன்றை இதில் போட்டபோது, அடுப்படியில் நின்ற அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஃபேனைத் தானே நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தா. ஒரு பக்கமும் எழும்பவில்லை, முழுச் சீடியும் கேட்டுத்தான் சோறு வடித்தா.